எட்டு கோர் இருந்தும் ஏன் இழுக்கிறது?

2004 மே மாதம் இன்டெல் நிறுவனம், உருவாக்கிக்கொண்டிருந்த தேஜாஸ் பிராசஸரைக் கைவிட்டது. கடிகார வேகத்தைக் கூட்டக் கூட்ட, மின்சாரச் செலவும் சூடும் கட்டுக்கடங்காமல் போயின. அதுவரை புது சிப் வந்தாலே பழைய புரோகிராம் வேகமெடுக்கும். பிறகு வந்ததெல்லாம் ஒரே சிப்பில் கூடுதல் கோர்கள், அதாவது கூடுதல் கணக்கிடும் அலகுகள்தான். அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது புரோகிராமர் தலையில் விழுந்தது. பல வேலைகளை ஒருசேர நடத்தும் கன்கரன்ட் புரோகிராமிங்கைத் தள்ளிப்போட முடியாமல் போனது இப்படித்தான்.

வேகத்துக்காக இதைக் கற்க வருகிறவர்கள் முதலில் பிழையைக் கற்க வேண்டும் என்பேன். ஒரு கவுன்ட்டரில் 41 இருக்கிறது. ஒன்றைக் கூட்டுவது நமக்கு ஒரு வரி. இயந்திரத்துக்கு மூன்று வேலை: எடுக்க, கூட்ட, திருப்பி எழுத. ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) 41-ஐ எடுத்து, எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றும் அதே 41-ஐ எடுத்துவிட்டால், இரண்டுமே 42 என்று எழுதும். 43 வராது. டிக்கெட் புக்கிங்கில் இது நடந்தால் ஒரே சீட் இரண்டு பேருக்குப் போகும்.

இது எப்போதும் நடக்காது என்பதுதான் கொடுமை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்தனர். டெக்ஸாஸில் நடந்த விபத்துகளில் காரணம் இதே இனத்துப் பிழை. கருவியின் காந்தங்கள் சரியான நிலைக்கு வர சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் ஆபரேட்டர் திரையில் செய்த திருத்தத்தை புரோகிராமின் ஒரு பகுதி கவனிக்கவே இல்லை. மெதுவாகத் தட்டியவரை ஒன்றும் ஆகவில்லை. கை பழகி வேகம் வந்தபோதுதான் விபரீதம். 'டெஸ்ட் பண்ணினோம், ஓடியது' என்பது இங்கே போதாது.

அதற்காக, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடும்படி எல்லாவற்றுக்கும் லாக் (பூட்டு) போட்டால், த்ரெட்கள் வரிசையில் நின்று வேகம் போய்விடும். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாதென்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டாலின் 1967 கட்டுரையிலிருந்து பிறந்த கணக்கு இது. எனவே த்ரெட்கள் பகிர்ந்துகொள்ளும் தரவைக் குறைப்பதுதான் உண்மையான திறமை. தரவைப் பகிராமல் கைமாற்ற உதவும் கோ மொழியின் சேனல்கள் அதற்கு வழிகாட்டுகின்றன. ரஸ்ட் மொழி இன்னும் கண்டிப்பு: பாதுகாப்பில்லாமல் பகிர்ந்தால் பெரும்பாலும் கம்பைலே ஆகாது. ஆரம்பத்தில் எரிச்சலூட்டும் அந்தக் கண்டிப்பை நான் மனதார வரவேற்கிறேன்.

பைத்தானில் தொடங்குகிறவர்கள், புரோகிராம் எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் அளந்து பார்க்கட்டும். நெட்வொர்க்கிலிருந்து பதில் வரக் காத்திருந்தால் த்ரெட் உதவும். கணக்குப் போடுவதிலேயே நேரம் போகிறதென்றால், வழக்கமான பைத்தானில் ஜி.ஐ.எல். எனும் பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும். அங்கே தனித்தனி பிராசஸ்களாகப் பிரிப்பதே வழக்கமான வழி.