கப்பலேறி கல்கத்தா வந்த ஐபிஏ: பீரில் ஆல்கஹால் எப்படிக் கூடுகிறது?

பப்பில் மெனு கார்டைப் புரட்டும்போது 'ஐபிஏ' என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம் அது. "கப்பல்ல கெட்டுப்போகக் கூடாதுன்னு ஆல்கஹாலை ஏத்தி இந்தியாவுக்குன்னே செஞ்ச பீர் இது" என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார். கதை நல்லாத்தான் இருக்கு. உண்மை கொஞ்சம் வேற.

கல்கத்தாவுக்கு வந்தது எப்படி?

லண்டனின் போ பகுதியில் 1752-ல் பீர் தயாரிக்கத் தொடங்கியவர் ஜார்ஜ் ஹாட்ஜ்சன். கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் அங்கிருந்து பக்கம்தான். கப்பல் அதிகாரிகள் கடனுக்கு பீர் வாங்கிவந்து கல்கத்தாவில் விற்றார்கள். 1820-களில் பர்ட்டன் நகரின் ஆல்சாப் நிறுவனமும் போட்டியில் இறங்கியது.

ஆனால் அந்த பீரில் ஆல்கஹால் சுமார் 6 முதல் 6.5 சதவீதம்தான். அன்றைய இங்கிலாந்தில் அதைவிட ஸ்ட்ராங்கான பீர்கள் இருந்தன. பல மாதக் கடல் பயணத்தில் பீரைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களுக்கு. சில பாக்டீரியாக்களை அவை வளரவிடாது.

அப்போ ஆல்கஹால் எப்படிக் கூடும்?

மால்ட்டில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள் ஊற்றிய ஆப்ப மாவு பொங்குவதும் இதனால்தான். நொதிக்கும் முன் கரைசலின் அடர்த்தி 1.050, முடிந்தபின் 1.010 என்றால், வித்தியாசம் 0.040. அதை 131-ஆல் பெருக்கினால் சுமார் 5.2 சதவீத ஆல்கஹால்.

சர்க்கரையைக் கொட்டினால் போதாதா?

20 லிட்டருக்கு அரை கிலோ சேர்த்தால் சுமார் 1.2 சதவீதம் ஏறும். ஆனால் பீர் நீர்த்துப்போன மாதிரி இருக்கும். மால்ட்டைக் கூட்டினால் இனிப்பும் கூடும். அதைச் சமன்செய்ய ஹாப்ஸையும் கூட்ட வேண்டும். ஈஸ்ட்டும் நேரமும் கூடுதலாகத் தேவை. ஏல் ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 20 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் சரி. கொல்கத்தாவின் மே மாதச் சூட்டில் விட்டால் காட்டமான வாடை வரும். நொதித்து முடியும் முன்னே பாட்டிலில் அடைத்தால் வெடிக்கவும் செய்யலாம்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

அவசரப்படாதீங்க. மேற்கு வங்கத்தில் 1909-ம் ஆண்டு வங்காளக் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. 'நமக்கு மட்டும்தானே' என்று தொடங்கினாலும் வழக்கு வழக்குதான். அடுத்த வேலைக்கான சரிபார்ப்பில் அதுவும் வந்து நிற்கும்.