புதுப் போட்டுக்கு என்ன நிறம்?

“நானா, புதுப் போட் ஒன்றுக்கு ஓடர் குடுக்கப் போறன். நீலம் போடவா, சிவப்பு போடவா?”

கண்டக்குழியானாலும் குடாவையானாலும் உடப்பானாலும், இளம் பிள்ளைகள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். இஞ்சின் எத்தனை குதிரை என்பது அடுத்த கேள்வி. மற்றதை எல்லாம் போட் கட்டும் யார்ட்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். உட்காருங்கள் தம்பி, இரண்டு பிளேன்டீ சொல்லுவோம். இலட்சக்கணக்கில் காசு போகிற காரியம் இது. ஆறுதலாகப் பேசி முடிவெடுப்போம்.

நம் இலங்கையில் கார் வாங்குகிறவருக்குக்கூட இவ்வளவு தெரிவு கிடையாது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் பலர் வாங்குவது ஜப்பானில் வேறொருவர் ஓட்டிய காரை. அதன் நிறத்தையும் வசதிகளையும் அந்த முதல் சொந்தக்காரர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். சிலாபம் முதல் கற்பிட்டி வரை நம் கரையில், வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு தொழிலாளி “எனக்கு இப்படிச் செய்து தாங்க” என்று சொல்லி வாங்கக்கூடிய பெரிய பொருள் பைபர் போட்தான். அந்த உரிமையை முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

யார்ட்டில் நிறத்தை முதலில் கேட்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. போட் வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்டப்படுகிறது. மெழுகு தேய்த்த அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட். அது நிறம் கலந்த ரெசின்; அரை மில்லிமீற்றர் அளவுதான் தடிப்பு. அது ஒட்டும் பதத்துக்கு இறுகியதும், அதன் மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, ஹார்ட்னர் கலந்த ரெசினைப் பூசி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். அப்படி அடுக்கடுக்காக ஏறுவதுதான் போட்டின் உடம்பு. நிறம் முதலில் போவதால் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்களோ நிறத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்திருக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாதது எதுவோ அதற்குத்தான் முதல் காசு. உடம்பை மாற்ற முடியாது. பின்பலகையை மாற்றுவது பெரும்பாடு. இஞ்சினை விற்று வேறு வாங்கலாம். நிறத்தை எப்போதும் பூசிக்கொள்ளலாம்.

உடம்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய காலமே சாட்சி. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பகுதி அழிந்தோ உடைந்தோ போக, உதவி நிறுவனங்கள் அவசரத்தில் பைபர் போட்கள் செய்வித்தன. அனுபவமில்லாத யார்ட்கள் பல முளைத்தன. கொடுத்த போட்களில் பல தரம் குறைந்தவை என்பதைக் கண்ட ஐ.நா. உணவு விவசாய நிறுவனம், கட்டுநர்களுக்குப் பயிற்சியும் கட்டுமான வழிகாட்டிகளும் கொடுக்க முன்வந்தது. அந்தப் போட்கள் கரையில் நின்றபோது புதுப் பளபளப்போடுதான் நின்றன. ஜெல்கோட் நன்றாக இருந்தால் உள்ளே பாய் குறைந்தது வெளியே தெரியாது.

ஆகவே யார்ட்காரரிடம் முதல் நிபந்தனையாக இதைச் சொல்லுங்கள்: பாய்க்குப் பூசும் ரெசினில் நிறம் கலக்க வேண்டாம், நான் வந்து பார்க்கும்வரை உட்புறத்துக்கு பெயின்ட்டும் அடிக்க வேண்டாம். நிறம் சேராத கண்ணாடியிழை, தன் குற்றத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். அச்சிலிருந்து கழற்றிய போட்டை நல்ல வெளிச்சத்தில் வைத்து உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளிறிய குமிழியாகத் தெரியும். ரெசின் ஊறாத இடத்தில் நார் வெள்ளை வெள்ளையாக நிற்கும். அடியின் நடுவே ஓடும் ஏராவிலும், முன்புற அணியத்திலும், அடியும் பக்கமும் சேரும் மடிப்பிலும் பாய் கூடுதலாக ஏறியிருக்க வேண்டும். மணலில் இழுத்து ஏற்றும் போட்டுக்கு அடி தேயும். ஆகவே ஏராவுக்கு இன்னும் இரண்டு அடுக்கு கேட்டு வாங்குவது வீண் செலவாகாது. உள்ளே நிறம் பூசிய பிறகு பார்த்தால் இவை ஒன்றும் கண்ணில் படாது.

அடுத்தது பின்பலகை. இஞ்சினின் முழுப் பாரமும் உதைப்பும் அதன் மேல்தான். கண்ணாடியிழைக்குள் ஒட்டுப்பலகை வைத்துச் செய்கிறார்கள். போல்ட்டுக்குத் துளையிட்ட இடத்தை ரெசினால் அடைக்காமல் விட்டால், உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் பலகையை உக்க வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதோடு பின்பலகையின் உயரத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். வெளியிணைப்பு இஞ்சின்களில் குட்டைக் கால் 15 அங்குலப் பலகைக்கு, நெட்டைக் கால் 20 அங்குலப் பலகைக்கு. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, போட்டின் அடிமட்டத்தோடு ஒட்டி, அல்லது சற்றே கீழே வர வேண்டும். மேலே நின்றால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். அதிகம் கீழே போனால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், எண்ணெய் கரையும். இஞ்சினையும் போட்டையும் வெவ்வேறு இடத்தில் ஓடர் கொடுப்பவர்கள் இந்த ஓர் அளவைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இஞ்சின் எத்தனை குதிரை வேண்டும்? அதற்கு முன், எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். புத்தளம் களப்பு முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. ஆனால் பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும் ஆழம்தான். அங்கே நண்டுக்கும் இறாலுக்கும் வலை போடுகிறவருக்குச் சிறிய இஞ்சினும், சட்டென்று தூக்கி வைக்கும் வசதியும் போதும். மேற்கே பெருங்கடலில் இறங்கி, கற்பாறைப் பார்களைத் தாண்டி அறக்குளாவுக்கும் பாரைக்கும் போகிறவருக்கு 25 குதிரை, பெரிய போட்டானால் 40 என்று தேவைப்படலாம். தென்மேற்குச் சோழகக் காற்றுக் காலத்தில் வாடியடித்துத் தங்கக் கிழக்குக் கரைக்குப் போகிறவரானால், லொறியில் ஏற்றும் பாரத்தையும் நினைக்க வேண்டும்.

பக்கத்துப் போட்டை முந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய இஞ்சின் வாங்காதீர்கள். வெறும் போட் தண்ணீர் மேல் எழும்பிப் பறக்கும். வலையும் ஐஸும் மீனும் நாலு பேரும் ஏறியதும் அடி அமிழ்ந்துவிடும். அதற்குப் பிறகு கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் கூடுவது வேகம் இல்லை, எண்ணெய்ச் செலவுதான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானபோது, குதிரைச் சக்தியின் உண்மையான விலை நம் கரைகளுக்கு விளங்கியது. மண்ணெண்ணெய் இஞ்சின் எடுத்தால், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடேறிய பின் மாற்றுவதும், நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு வருவதும் பழக்கமாக வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு விலையும் பாரமும் கூட. ஆனால் பழைய இரண்டு ஸ்ட்ரோக்கை விட எண்ணெய் குறைவாகக் குடிக்கும், எண்ணெயில் ஒயில் கலக்கவும் தேவையில்லை. நாள் முழுக்க ஓடுகிறவருக்கு அது கணக்குக்கு வரும்.

இனி யாரும் கேட்காத ஒரு வசதி. அணியத்தின் கீழும் குறுக்குப் பலகைகளின் கீழும், நீர் உறிஞ்சாத போம் நிரப்பி அடைத்த மிதவை அறைகள். கண்ணாடியிழை தண்ணீரை விடப் பாரமானது. மிதவை அறை இல்லாத போட் நிரம்பினால் இஞ்சினோடு கீழே போகும். அறை இருந்தால், நிரம்பினாலும் கவிழ்ந்தாலும் மேலே நிற்கும். பிடித்துக்கொள்ள ஓர் இடம் இருக்கும். யார்ட்டிலிருந்து பொறுப்பெடுக்கும்போது களப்பில் இடுப்பளவு தண்ணீரில் வைத்து, இஞ்சினின் பாரத்துக்கு மணல் மூட்டை கட்டி, போட்டை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள். நேரே மிதக்கிறதா, பின்பக்கம் மூழ்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நல்ல யார்ட்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

இப்போது நிறத்துக்கு வருவோம். இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும்: வெயில் என்ன செய்யும், தேடுகிற கண் என்ன காணும்.

வெயிலைப் பொறுத்தவரை வெள்ளைக்கு நிகரில்லை. கடும் நீலம், கறுப்பு, கடும் சிவப்பு எல்லாம் சூட்டை உறிஞ்சும். கால் வைக்க முடியாது, பெட்டியில் ஐஸ் சீக்கிரம் கரையும். சிவப்பு வெளிறி ரோஸ் ஆகும். கடும் நிறத்தில்தான் சுண்ணாம்பு படிந்தது போன்ற மங்கல் அதிகம் தெரியும். கடும் நிறத்தில் உரசல்களுக்கு ஒட்டுப் போட்டால் நிறம் ஒத்துவராமல் திட்டுத் திட்டாக நிற்கும். எந்த நிறம் எடுத்தாலும் ஜெல்கோட்டின் நிற எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதி டின்னை வாங்கி வைத்தால் சில மாதங்களில் கெட்டுவிடும்.

தேடுகிற கண்ணுக்கோ வெள்ளையும் நீலமும் எதிரிகள். கற்பிட்டிக் காற்றைப் பிடிக்க வெளிநாட்டுக்காரர் பட்டமும் பலகையுமாக வருகிறார்களே, அந்தக் காற்றில் கடல் முழுக்க வெள்ளை நுரைதான். அதற்குள் ஒரு வெள்ளைப் போட்டை யார் பிரித்தறிவது? நீலப் போட் கடலின் நீலத்திலேயே மறைந்துவிடும். உயிர்காப்புச் சாதனங்களுக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் அல்லது அதற்கு ஈடாகத் தெரியும் நிறம் வேண்டும் என்று சர்வதேசக் கடல் விதிகள் வைத்திருப்பது இதனால்தான். இந்தியாவிலும் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடலில் யாருடைய படகு என்று தூரத்திலேயே தெரிய, மாநிலத்துக்கு மாநிலம் மீன்பிடிப் படகுகளுக்குத் தனி நிறம் கொண்டுவந்தார்கள். கடலில் நிறம் ஒரு பாதுகாப்புச் சாதனம்.

அந்தச் செம்மஞ்சளை எங்கே பூசுவது என்பதுதான் முக்கியம். பலர் பக்கவாட்டில் ஒரு பட்டை போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். போட் கவிழ்ந்தால் பக்கம் தண்ணீருக்குள் போய்விடும். வெளியே தெரிவது அடி மட்டும். ஆகவே அடியைச் செம்மஞ்சளாகக் கேளுங்கள். தினமும் கரையேற்றும் போட்டானால், ஏரா தேய்ந்தாலும் மற்ற இடம் பளிச்சென்றே இருக்கும். மேலே பறக்கும் ஹெலியின் கண்ணில் படுவது அணியத்தின் மேல்தளம். அதுவும் செம்மஞ்சளாக இருக்கட்டும். இரவுக்கு, பக்கத்தில் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டினால் டோர்ச் வெளிச்சத்தில் மின்னும். கப்பலின் ராடாருக்குக் கண்ணாடியிழை சரியாகத் தெரியாது. கம்பில் ஓர் உலோகப் பிரதிபலிப்பான் கட்டினால் தெரியும்.

பக்கங்கள் முழுக்க உங்களுடையவை, தம்பி. நீலமோ பச்சையோ, மனம் விரும்பிய நிறம் போடுங்கள். தலவில அன்னம்மாளின் படமோ, உடப்பு திரௌபதை அம்மனின் பெயரோ, பிறையோ, வாப்பா பெயரோ, உம்மா பெயரோ எழுதுங்கள். கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு எண்ணுக்கு மட்டும் எடுப்பான ஒரு பின்னணி விடுங்கள். புத்தளமும் சிலாபமும் தனித்தனிக் கடற்றொழில் மாவட்டங்கள். மாவட்டத்தைக் குறிக்கும், எண்ணின் கடைசி எழுத்துகள் தூரத்திலிருந்து படிக்கும்படி இருந்தால், மீட்கிறவருக்கு எந்தக் கரைக்குச் செய்தி சொல்வது என்று உடனே விளங்கும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் இந்த வரிசையில் எழுதி, யார்ட்காரரின் கையெழுத்தையும் வாங்குங்கள்: பாய் எத்தனை அடுக்கு, பின்பலகை உயரம், இஞ்சின் அளவு, மிதவை அறைகள், கடைசியில் நிறம். காசு போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் அந்த அடிச் செம்மஞ்சளையும் மிதவை அறைகளையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.