கரிசலில் நட்சத்திரம் – 9: சண்டிகரில் தொடங்கிய எதிர்க்கட்சிக்காரர்

1962 பொதுத்தேர்தலில் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியை முத்துராமலிங்கத் தேவர் வென்றதையும், உடல்நிலை இடங்கொடுக்காமல் டெல்லிக்குப் போய்ப் பதவியேற்கவே முடியாமல் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு உடன்பாடு வைத்து நின்ற தேர்தல் அது. 1963 அக்டோபரில் தேவர் மறைந்தார். அடுத்த தேர்தலில், 1967-ல், சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்து எதிர்க்கட்சிகளிலேயே பெரியதாக வந்து உட்கார்ந்தது. அந்த வரிசையில் குஜராத்தின் கோத்ராவிலிருந்து தேர்வாகி வந்த பருத்த உடம்புக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் பிலு மோடி. தொழில், கட்டட வடிவமைப்பு.

பம்பாய்ப் பார்சிக் குடும்பம். தந்தை சர் ஹோமி மோடி தொழில் உலகில் பெரும்புள்ளி. அண்ணன் ரூசி மோடி பின்னாளில் டாடா ஸ்டீலின் தலைவரானார். பிலு பிறந்தது 1926 நவம்பர் 14. யாருடைய திட்டங்களை எதிர்த்து அரசியலுக்கு வந்தாரோ, அந்த நேருவின் பிறந்தநாளும் அதுதான்.

பம்பாய் ஜே.ஜே. கலைக்கல்லூரியில் கட்டடக்கலை படித்தார். மேற்படிப்பு கலிபோர்னியாவில். பள்ளித் தோழன் ஒருவரும் அங்கேயே படித்தார். அவர்தான் பின்னாளில் பாகிஸ்தானை ஆண்ட சுல்ஃபிகர் அலி புட்டோ. 1972-ல் சிம்லா பேச்சுவார்த்தைக்கு புட்டோ வந்தபோது மோடி போய்ப் பார்த்தார். மறு வருஷம் நண்பனைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். போர் முடிந்த கையோடு பகை நாட்டுத் தலைவரை நண்பன் என்று அச்சில் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று சண்டிகர். பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் வேண்டும் என்று நேருவின் காலத்தில் எழுந்த நகரம் அது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியேவின் குழுவில் மோடி வேலை பார்த்தார். எந்தத் தெரு எங்கே, எந்த வீடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து வைத்த ஊர். அங்கே பழகிய கைதான் சில வருஷங்களில், நாட்டையே வரைபடம் போட்டு நடத்த முடியாது என்று சொல்லும் கட்சியில் சேர்ந்தது. இடையில் சொந்தத் தொழிலும் நடந்தது. துர்கா பாஜ்பாயுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த டெல்லி ஓபராய் ஹோட்டல் 1965-ல் திறந்தது.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம்’ என்று ராஜாஜி சாடியதை அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நூல் விலையும் வரத்தும் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக்காரருக்கும், தன் நிலம் பொதுவில் போய்விடுமோ என்ற பயம் புரியாததல்ல.

சபையில் மோடியின் ஆயுதம் கேலி. எதற்கெடுத்தாலும் அந்நியச் சதி என்று ஆளுங்கட்சி சொன்ன காலத்தில், ‘நான் ஒரு சி.ஐ.ஏ. ஏஜென்ட்’ என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் அவர். 1971-லும் கோத்ரா அவரை அனுப்பியது. ஆனால் கட்சி எட்டு இடமாகச் சுருங்கிவிட்டது.

அந்தச் சபைதான் 1972-ல் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு பெற்றவர் மட்டுமே தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது அது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்தவரின் சொந்தத் தொழிலுக்கே ஒரு பதிவேடு வந்து சேர்ந்தது. ஆனால் சட்டம் காத்தது பட்டத்தைத்தான், வேலையை அல்ல. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஊர்க் கொத்தனார் நூல் பிடித்து வீடு கட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

1972 டிசம்பரில் ராஜாஜி போனார். 1974-ல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. நெருக்கடி நிலையில் மோடி சிறைக்குப் போனார். 1978-ல் மாநிலங்களவைக்கு வந்தவர், 1983 ஜனவரி 29-ல் இறக்கும்வரை அங்கே இருந்தார். எட்டு வருஷம் கழித்து, 1991-ல், லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டது காங்கிரஸ் அரசே.

மோடி ஜெயித்துவிட்டார் என்று இதைப் படிக்கலாம். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அரசே ஒதுங்கு என்று பம்பாயிலிருந்து சொல்வது எளிது. வானம் பார்த்த பூமியில் கண்மாய்க் கரையை யார் பலப்படுத்துவது, மடையை யார் பழுது பார்ப்பது, வரத்துக்கால் ஆக்கிரமிப்பை யார் எடுப்பது? இங்கே ஜனங்கள் கேட்டது வேறு: அரசாங்கம் வரட்டும், பெர்மிட் கேட்காமல் வரட்டும். குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் நல்ல கட்டடக் கலைஞர் கோடு போடமாட்டார். கரிசல்காட்டைக் கேட்காமலே சுதந்திராக் கட்சி தன் கோட்டைப் போட்டது. இங்கே அது வேர்விடாததற்கு அதுவே முதல் காரணம்.

(அடுத்த வாரம்: 1967-ல் ராஜாஜி – அண்ணா கூட்டணி, சென்னைச் சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம்)