சகோதர ஓநாயின் பசி



பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலத்தில் சாகாமத்திலோ, காஞ்சிரங்குடாவிலோ, தாண்டியடியிலோ உறவினர் வீட்டில் ஓர் இரவேனும் நீங்கள் தங்கியிருக்கக்கூடும். அவ்வாறு தங்கியவர்களுக்கு ‘யானை’ என்னும் சொல் அங்கே எந்தக் குரலில் சொல்லப்படுகின்றது என்பது தெரியும். திருவிழா வீதியில் பட்டாடை போர்த்தி வரும் யானையை அச்சொல் குறிப்பதில்லை. பரணில் விழித்திருக்கும் தகப்பன், கையிலே யானை வெடி, இருளிலே முறியும் தென்னங்குருத்தின் ஓசை, விடிந்த பின் உழக்கப்பட்ட வயல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. திருக்கோவில் பிரதேசத்தின் மேற்கு எல்லையில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது ஆண்டுதோறும் வரும் சோதனை.

அத்தகைய அச்சத்தில் வாழ்ந்த ஊர் ஒன்றையும், அங்கே ஒரு மனிதருக்கும் ஒரு காட்டு விலங்குக்கும் இடையே மலர்ந்த நட்பையும் இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

குபியோ நகரின் வாயிலில்

இத்தாலி நாட்டின் உம்பிரியா மாநிலத்தில், மலையடிவாரத்தில் அமைந்த பழம்பெரும் நகரம் குபியோ. தந்தையின் செல்வத்தைத் துறந்து வெளியேறிய இளைஞர் பிரான்சிஸ், அசிசியிலிருந்து நடந்து சென்று அடைக்கலம் பெற்ற நகரமும் இதுவே. பிற்காலத்தில் அவர் மீண்டும் அங்கே சென்றபோது, நகரமே ஓர் ஓநாய்க்கு அஞ்சி நடுங்கிக் கொண்டிருந்ததாக மரபு கூறுகின்றது. முதலில் ஆடுமாடுகளைக் கொன்ற அந்த ஓநாய், பின்னர் மனிதரையும் கொல்லத் தொடங்கியது. நகர வாயிலைக் கடப்போர் போருக்குச் செல்வோரைப் போல ஆயுதம் ஏந்திச் சென்றனர். நாளடைவில் வெளியே செல்வதையே மக்கள் கைவிட்டனர்.

மக்கள் தடுத்தும் கேளாமல், ஆயுதம் ஏதுமின்றி அதனைத் தேடிச் சென்றார் புனித பிரான்சிஸ். வாயைப் பிளந்து பாய்ந்து வந்த ஓநாயை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்து, ‘சகோதர ஓநாயே’ என்று அழைத்தார். அது வாயை மூடிக்கொண்டு, ஓர் ஆட்டுக்குட்டியின் சாந்தத்தோடு அவரது காலடியில் வந்து படுத்தது. புனிதரின் மறைவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தொகுக்கப்பட்ட ‘சிறுமலர்கள்’ என்னும் நூலில் இந்நிகழ்ச்சி விரிவாக இடம்பெற்றுள்ளது.

சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இக்கதையைக் கேட்ட நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்கின்றோம். உண்மையில் கதையின் உயிர் இதற்குப் பின்னரே இருக்கின்றது.

குற்றமும் பசியும்

காலடியில் படுத்த ஓநாயைப் புனிதர் உடனே தடவிக் கொஞ்சவில்லை. முதலில் அதன் குற்றங்களை எடுத்துரைத்தார். இறைவனின் படைப்புகளை அழித்தாய், இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரையும் கொன்றாய், கொலைகாரருக்குரிய தண்டனைக்கு நீ தகுதியானாய், ஊரார் உன்மீது கொண்டிருக்கும் கோபம் நியாயமானது என்றார். பிள்ளையை இழந்த தாயின் கண்ணீரை அவர் மறைத்துவிட்டுச் சமாதானம் பேசவில்லை. இழந்தவர்களின் துயரை மதியாத சமாதானம் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதன் பின்னரே மற்றொரு பக்கத்தைத் திருப்பினார். நீ செய்த தீமைகள் யாவும் பசியினால் விளைந்தவை என்பதை நான் அறிவேன் என்றார். ஊரார் ஒருவருக்கும் தோன்றாத எண்ணம் இது. அவர்கள் ஓநாயின் பற்களைக் கண்டார்கள். பிரான்சிஸ் அதன் வயிற்றையும் கண்டார்.

பின்னர் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஓநாய் இனி எவருக்கும் தீங்கு செய்யலாகாது. ஊரார் அதன் வாழ்நாள் முழுவதும் உணவளிக்க வேண்டும். ஓநாய் தன் முன்னங்காலைத் தூக்கிப் புனிதரின் கையில் வைத்து உறுதியளித்தது. அதனோடு அவர் நகரச் சதுக்கத்துக்குச் சென்று, மக்களிடமும் அவ்வாறே வாக்குறுதி பெற்றார். அங்கே அவர் ஆற்றிய மறையுரை ஓநாயைப் பற்றியதன்று. மக்களின் பாவங்களைப் பற்றியது. உடலை மட்டுமே கொல்லக்கூடிய ஒரு விலங்குக்கு இவ்வளவு அஞ்சும் நீங்கள், ஆன்மாவை அழிக்கும் தீமைக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதே அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் அந்த ஓநாய் வீடு வீடாகச் சென்று உண்டது. அதைக் கண்டு நாய்கள்கூடக் குரைக்கவில்லை. முதுமையால் அது இறந்தபோது ஊரார் துக்கம் கொண்டனர் என்று அக்கதை நிறைவுறுகின்றது.

கதையா, வரலாறா?

இது உண்மையில் நடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். புனிதரின் மிகப் பழைய வாழ்க்கை வரலாறுகளில் குபியோ ஓநாய் இடம்பெறவில்லை. ஓநாய் என்பது ஒரு கொள்ளையனைக் குறிக்கும் உருவகம் என்று கருதுவோரும் உளர். மறுபுறம், 1872ஆம் ஆண்டில் குபியோவின் பழைய சிற்றாலயம் ஒன்றில் நடைபெற்ற வேலையின்போது ஒரு கற்பலகையின் கீழ் ஓநாயின் எலும்புகள் காணப்பட்டன என்று அவ்வூரார் சொல்லி வருகின்றனர்.

ஓநாய்க் கதையை மரபென்று ஒதுக்குவோரும் மறுக்க முடியாத வரலாறு ஒன்று உண்டு. 1219ஆம் ஆண்டு, ஐந்தாம் சிலுவைப் போரின் நடுவே, எகிப்தின் தமியேத்தா நகருக்கு அருகே இரு படைகள் எதிரெதிரே நின்றன. பிரான்சிஸ் ஒரே ஒரு துணைவரோடு, ஆயுதமின்றிப் போர்முனையைக் கடந்து சுல்தான் அல்காமிலிடம் சென்றார். சுல்தானைக் கொடிய விலங்காகச் சித்திரித்தே மேற்குலகின் படைவீரர் வளர்க்கப்பட்டிருந்தனர். பிரான்சிஸ் அங்கே கண்டவரோ, தம்மைப் பொறுமையோடு செவிமடுத்து, பாதுகாப்பாகத் திருப்பியனுப்பிய பண்புள்ள மன்னர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் கரையோரத்தில் இந்த நிகழ்ச்சியை நாம் அடிக்கடி நினைவுகூர்வது நல்லது. அருகே சென்று பார்க்காதவரையில் அயலவரின் முகமும் அச்சத்தின் நிறத்தையே பூசிக்கொள்ளும்.

நம் மாவட்டத்துச் சகோதரன்

இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. அதன் இனத்தைச் சேர்ந்த நரியே உண்டு. நமது ஊர்களின் வாயிலில் வந்து நிற்கும் சகோதரன் யானை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. அதே ஆண்டில் 150க்கு மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தனர். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள் மறைத்து வைக்கப்பட்டு வாயைச் சிதைக்கும் வெடி ஆகியவற்றுக்கு இரையான யானைகள் பல. இரு பக்கத்திலும் மரணம், இரு பக்கத்திலும் அநாதைகள்!

இந்த யானை ஏன் வயலுக்கு வருகின்றது? 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் அம்பாறை மாவட்டத்தின் பெருங்காடுகள் வயல்களாயின. அவ்வயல்கள் நமக்குச் சோறு தந்தன. அதற்காக நாம் நன்றியுள்ளவர்கள். ஆயினும் அந்நிலத்தில் நமக்கு முன்னரே நடந்து திரிந்த ஒரு குடியின் வழித்தடமும் அங்கே இருந்தது என்பதை மறக்கலாகாது. பொத்துவிலுக்கு மேற்கேயுள்ள லகுகலை தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,554 ஹெக்டேயர் மாத்திரமே. யானைக்கூட்டத்தின் நடைக்கு அது ஒரு முற்றம் போன்றது.

இன்னும் வேதனை தருவது பள்ளக்காடு. அம்பாறை மாவட்டத்தின் அந்தத் திறந்த குப்பைமேட்டுக்குச் சுற்றியுள்ள ஊர்களின் கழிவுகள் கொண்டு வந்து கொட்டப்பட்டன. உணவின் வாசனைக்கு யானைகள் வந்தன. உணவோடு பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கின. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகி உலகையே உலுக்கின. இறந்த யானைகளின் வயிற்றைப் பரிசோதித்தபோது கண்டெடுக்கப்பட்டவை பொலித்தீனும் உணவுப்பொதி உறைகளும் தண்ணீருமே.

அந்த உறைகள் எந்த வீட்டிலிருந்து சென்றவை? தமிழர் வீட்டிலிருந்தா, முஸ்லிம் வீட்டிலிருந்தா, சிங்களவர் வீட்டிலிருந்தா? யானை அதைக் கேட்கவில்லை. குபியோவில் பசித்த ஓநாய்க்கு மக்கள் உணவு கொடுத்தார்கள். நாம் பசித்த யானைக்கு நமது குப்பையைக் கொடுத்தோம்.

கைவிடப்பட்ட ஓர் உடன்படிக்கை

அன்பர்களே, விலங்குகளோடு உடன்படிக்கை என்பது புனித பிரான்சிசின் கற்பனையில் பிறந்ததன்று. வெள்ளம் வடிந்த பின் ஆண்டவர் நோவாவோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை; பேழையிலிருந்து வெளிவந்த ஒவ்வோர் உயிரோடும் செய்தார் என்று தொடக்கநூல் 9ஆம் அதிகாரம் கூறுகின்றது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரையில் வாழும் நாம் அந்த அதிகாரத்தை மற்றவர்களைவிட ஆழமாக வாசிக்கக் கூடியவர்கள். விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரமோ, ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும்படி கட்டளையிட்டு, அதில் விளைவதை ஏழைகள் உண்ணட்டும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்று வழிவகுக்கின்றது. காட்டு விலங்கின் பங்கை இறைவன் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றார்!

இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எண்ண வேண்டாம். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவைப் பகுதியில் ஆய்வாளரின் வழிகாட்டலோடு விவசாயிகள் ஒரு முறையைக் கையாண்டு வருகின்றனர். விதைப்புக் காலத்தில் ஊரவர்களே ஒன்றுகூடி வயல்வெளியைச் சுற்றி மின்வேலி அமைக்கின்றனர். அந்த வேலியின் மின்துடிப்பு யானையை அதிரவைத்துத் திருப்புமேயன்றிக் கொல்லாது. அறுவடை முடிந்ததும் வேலியை அவர்களே கழற்றி விடுகின்றனர். அறுத்த வயலின் தாளையும் புல்லையும் யானைகள் வந்து மேய்கின்றன. நெல் மனிதனுக்கு, தாள் யானைக்கு! குபியோவின் சதுக்கத்தில் செய்யப்பட்ட உடன்படிக்கைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அங்கே போலவே இங்கும் ஒருவர் தனியே செய்ய இயலாது. ஊரே கையுயர்த்த வேண்டும். வேலியைக் காடு முடியும் இடத்தில் போட்டுவிட்டு யாரோ பராமரிப்பார் என்று விட்ட இடங்களில் அது விழுந்து கிடப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

நட்பின் எல்லை

ஓர் எச்சரிக்கையும் தேவை. விலங்கின் நட்பு என்றால் அதை அருகழைத்து ஊட்டுவதன்று. அலாஸ்காவின் ஜூனோ நகரின் ஓரத்தில் 2003 முதல் ஆறு குளிர்காலங்கள் ஒரு கரிய ஓநாய் வந்து போனது. மக்களின் நாய்களோடு விளையாடியது, எவரையும் கடித்ததில்லை. ரோமியோ என்று பெயரிட்டு ஊரே அதை நேசித்தது. மனிதருக்கு அஞ்சாமையே அதற்கு வினையாயிற்று. 2009இல் அது சட்டத்துக்கு மாறாகச் சுட்டுக் கொல்லப்பட்டது. நம் நாட்டிலும் புத்தல – கதிர்காமம் வீதியில் பயணிகள் பழம் கொடுத்துப் பழக்கியதால், யானைகள் வாகனங்களை மறித்து உணவு தேடுகின்றன. அது இரு தரப்புக்கும் ஆபத்து. மறுபுறம், 2024இல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்கள் தாக்கி எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். ஆகவே, காடு காடாகவும் ஊர் ஊராகவும் இருக்க, இரண்டுக்கும் இடையில் நீதி நிலவுவதே மெய்யான நட்பு.

உங்கள் குடும்பம் இன்றே தொடங்கக் கூடியவை உண்டு. சமையலறைக் கழிவைப் பொலித்தீனோடு சேர்த்துக் கட்டாமல் பிரித்து, வீட்டுத் தோட்டத்திலேயே உரமாக்குங்கள். ஊரின் குப்பை எங்கே கொட்டப்படுகின்றது என்று உங்கள் பிரதேச சபையிடம் கேளுங்கள். யானையால் உறவை இழந்த குடும்பம் உங்கள் பங்கில் இருப்பின், அவர்களது விறாந்தையில் சற்று நேரம் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். குற்றத்தையும் துயரையும் முதலில் ஏற்றுக்கொண்ட பின்னரே பிரான்சிஸ் சமாதானம் பேசினார் என்பதை மறவாதீர்கள்.

1226 அக்டோபர் 3ஆம் நாள் மாலை மண்ணுலகை நீத்த அப்புனிதரை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் நாள் நாம் அவரது திருவிழாவைக் கொண்டாடுகின்றோம். ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும் ஒரு காலத்தை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். பாலைநிலத்தில் இயேசு காட்டு விலங்குகளிடையே இருந்தார் என்று மாற்கு நற்செய்தி ஒரே வரியில் சொல்லிச் செல்கின்றது. அந்தக் காலம் தானாக வானிலிருந்து இறங்கி வராது. அஞ்சி நிற்கும் ஊரிலிருந்து ஒருவர் வெளியே நடந்து சென்று, எதிரே நிற்பது எதுவாயினும் அதைச் ‘சகோதரா’ என்று அழைத்து, உனக்கு என்ன பசி என்று கேட்கும்போது அது தொடங்குகின்றது.

அந்தத் துணிவை இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வாராக!