வங்கதேசத்து சோலார் வீடுகள்: கம்பி வந்த பிறகு என்ன ஆச்சு?

கிராமத்துக்கு சோலார்னு சொன்னதும் நாம கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" வங்கதேசத்தின் அனுபவத்தைப் படிச்ச பிறகு, முதலில் கேட்க வேண்டியது வேறொரு கேள்வின்னு எனக்குத் தோணுது.

1996இல் கிராமீன் வங்கியின் சகோதர நிறுவனமாக 'கிராமீன் சக்தி' தொடங்கப்பட்டது. மின்சாரம் எட்டாத வீடுகளுக்குக் கூரையில் ஒரு சின்ன சோலார் பலகை, ஒரு பேட்டரி, சில விளக்குகள், மொபைல் சார்ஜ் போட ஒரு வசதி. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கட்ட அந்தக் குடும்பங்களால் முடியாது. ஆனா மண்ணெண்ணெய்க்கு மாசாமாசம் செலவு பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க. அந்தக் காசையே தவணையா மாத்தினதுதான் சூட்சுமம். கொஞ்சம் முன்பணம், மீதி இரண்டு, மூன்று வருடங்களில். தவணை வாங்க வர்ற ஆளே பேட்டரியையும் பார்த்துட்டுப் போவார்.

2003இல் 'இட்கால்' என்ற அரசு நிதி நிறுவனம், உலக வங்கியின் உதவியோடு இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2018க்குள் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். சுமார் 2 கோடி பேருக்கு வெளிச்சம்.

அப்புறம்தான் சிக்கல். அரசு மின்கம்பிகளை எதிர்பார்த்ததைவிட வேகமாக இழுத்தது. இன்னொரு பக்கம், வேறு அரசுத் திட்டங்களில் சோலார் இலவசமாகவே கிடைச்சது. பாதித் தவணை கட்டியவரின் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. ஃபேன், டிவி எல்லாம் ஓட்டுற கரண்ட் வாசலுக்கு வந்தாச்சு. பக்கத்து ஊர்ல பலகை சும்மாவே தர்றாங்க. மீதித் தவணையை நான் எதுக்குக் கட்டணும்? அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா பலகையைக் கடனுக்குக் கொடுத்த நிறுவனமும் இட்காலிடம் கடன் வாங்கித்தான் கொடுத்தது. அவங்க கடனை யார் அடைப்பது?

2022இல் நாடு முழுக்க மின்சாரம் வந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அது நல்ல செய்தி. சோலாரும் தோற்கவில்லை, கம்பி வரும்வரை அத்தனை வருட இரவுகளுக்கு அதுதான் விளக்கு. தவறு எங்கேன்னா, கம்பி இழுக்கும் திட்டமும் கடன் கொடுக்கும் திட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

அதனால, இனி எந்த நாட்டிலும் தவணையில் சோலார் விற்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது: "இந்த ஊருக்குக் கம்பி எப்போ வரும்?" மூன்று வருடக் கடனுக்கு நடுவில் வந்துவிட்டால் பலகையைத் திரும்ப எடுத்துக்குவீங்களா, நட்டம் யாருக்கு? அதை முன்பணம் வாங்குவதற்கு முன்னாடியே ஒப்பந்தத்தில் எழுதிடணும்.