பாக்டீரியாவின் பம்ப்பை அடைக்கும் மிளகு

மோட்டார் போட்டு டேங்க்ல தண்ணி ஏத்துறோம். ஆனா கீழே யாரோ குழாயைத் திறந்து விட்டிருக்காங்க. டேங்க் நிரம்புமா? சில பாக்டீரியாக்கள் மருந்தை ஏமாற்றுவதும் இப்படித்தான்.

சிப்ரோஃப்ளாக்சசின் முழுக்க முழுக்க செயற்கை மருந்து. பாக்டீரியாவின் உள்ளே போய், டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க உதவும் என்சைமை முடக்கும். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் சவ்வில் 'நார்ஏ' என்றொரு புரத பம்ப் இருக்கிறது. உள்ளே வரும் மருந்தை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்புறம் மருந்து எப்படி வேலை செய்யும்?

சரி, பம்ப்பையே அடைத்துவிட்டால்? தாவரங்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன. பார்பெர்ரி செடியில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறக் கிருமிக்கொல்லி உண்டு. அதையும் நார்ஏ வெளியே தள்ளிவிடும். ஆனால் அதே செடி வேறொரு பொருளையும் தயாரிக்கிறது. அது தனியாகக் கிருமியைக் கொல்லாது, பம்ப்பை மட்டும் தடுக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் இதை வெளியிட்டார்கள்.

நம்ம மிளகுக்கும் இதில் பங்கு உண்டு. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் இதே கிருமியைக் குறைந்த மருந்தளவிலேயே தடுக்கிறது என்று ஜம்மு ஆய்வகம் ஒன்று 2006-இல் காட்டியது.

கூட்டணி ஜெயிச்சுதான்னு எப்படித் தெரியும்? 96 குழிகள் கொண்ட தட்டில், ஒரு பக்கம் மருந்தின் அளவையும் மறுபக்கம் தாவரப் பொருளின் அளவையும் படிப்படியாக மாற்றுவார்கள். உதாரணமாக, தனியாக 8 அலகு தேவைப்பட்ட மருந்து சேர்க்கையில் 2 அலகு போதும் என்றால் 2/8 = 0.25. தாவரப் பொருள் 100-இலிருந்து 25-ஆகக் குறைந்தால் அதுவும் 0.25. கூட்டினால் 0.5. விடை 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் உண்மையான கூட்டணி. அவ்வளவுதான் கணக்கு!

"அப்போ மாத்திரையோட மிளகு ரசம் குடிச்சா போதுமே?" போதாது. இதெல்லாம் ஆய்வகத் தட்டில் கிடைத்த முடிவு. ரசத்தில் உள்ள பைப்பரின் அதே அளவில் தொற்று உள்ள இடத்துக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதோடு, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்களையும் பைப்பரின் தடுக்கும். அதனால் வேறு மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். மனிதர்களிடம் சோதித்து, பாதுகாப்பான அளவு தெரிந்த பிறகுதான் இது மருந்தாகும்.

2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு மதிப்பிடுகிறது. புது மருந்து வரும் வரை இருக்கும் மருந்தைக் காப்பாற்றணும். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.