மணிக்கு மணி ஒரு புள்ளி

ஒரகடம் தொழிற்பேட்டையில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று பெரிய ஆலைகள் ஒருபுறம். உதிரிபாகம் செய்துதரும் சிறு யூனிட்டுகள் மறுபுறம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து இங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் கைக்குச் சீக்கிரமே ஓர் எக்செல் ஷீட் வந்துவிடும். அதை நிரப்பக் கற்றுக்கொள்கிறார்கள். அதிலிருந்து ஒரு சார்ட் வரைந்து, அது சொல்வதைப் படிக்கவும் அவர்கள் கற்றாக வேண்டும்.

ஓர் உதாரணம். லேத்தில் கடையும் ஷாஃப்டின் விட்டம் 25.00 மி.மீ. இருக்க வேண்டும், கூடக்குறைய 0.05 வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணி முதல் மணிக்கொரு முறை எடுத்த அளவுகள்: 25.01, 25.02, 25.02, 25.03, 25.04, 25.04. ஆறும் ஓ.கே. சராசரி 25.03, அதுவும் ஓ.கே. ஷீட்டைப் பார்க்கும் யாருக்கும் கவலை வராது. இதே எண்களை நேர வரிசையில் லைன் சார்ட்டாகப் போட்டால், கோடு மேலே ஏறிக்கொண்டே போவது தெரியும். லேத்தின் வெட்டும் முனையான இன்செர்ட் தேய்கிறது, அதனால் விட்டம் கூடுகிறது. இன்னும் சில மணி நேரத்தில் ரிஜெக்‌ஷன் வரப்போகிறது என்பதை அது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது அந்தக் கோடு.

கேள்விக்கேற்ற சார்ட்

எக்செலில் சார்ட் போடுவது எளிது. எண்களைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் ஒரு வகையைச் சொடுக்கினால் போதும். எந்த வகை என்பதை நம் கேள்விதான் முடிவுசெய்ய வேண்டும். நேரம் போகப்போக என்ன ஆகிறது என்றால் லைன் சார்ட். எந்த மெஷினில் எத்தனை ரிஜெக்‌ஷன் என்றால் பார் சார்ட். எந்தக் குறையை முதலில் சரிசெய்வது என்றால் பரேட்டோ: குறைகளை எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது. எக்செல் 2016 முதல் இது தனி வகையாகவே இருக்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இறங்குவரிசையில் அடுக்கி பார் சார்ட் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

பார் சார்ட்டின் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே வேறு எண்ணில் தொடங்கிவிடும். 96-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் பல மடங்காகத் தெரியும். ஆனால் லைன் சார்ட்டில் ஷாஃப்ட் அளவுகளை பூஜ்யத்திலிருந்து வரைந்தால் ஆறும் ஒரே உயரமாக நிற்கும், தேய்மானம் மறைந்துவிடும். அங்கே 24.94 முதல் 25.06 வரை அச்சை வைத்தால்தான் உண்மை தெரியும்.

வரைவதற்கு முன் ஷீட்டையும் சுத்தம் செய்யுங்கள். 03.04.2025 என்று புள்ளி வைத்து எழுதும் தேதியைப் பல கணினிகளில் எக்செல் தேதியாக ஏற்காது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், வரிசை குழம்பும். கடைசியில் உள்ள ‘மொத்தம்’ வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரு பார் மற்ற எல்லாவற்றையும் குள்ளமாக்கிவிடும்.

ஒரு பக்கக் குறிப்பிலிருந்து பாடி வரை

அளவுகளை நேர வரிசையில் வரைந்து மெஷினைக் கண்காணிக்கும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1924 மே 16 அன்று, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் ஒரு பக்கக் குறிப்பில் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து கொடுத்தார். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் ஒவ்வோர் எல்லைக்கோடு. இவை டிராயிங்கில் உள்ள அளவு வரம்புகள் அல்ல. அந்த மெஷினுக்கு இயல்பான ஏற்ற இறக்கத்தை அதன் பழைய அளவுகளிலிருந்தே கணக்கிட்டுப் போட்ட கோடுகள். புள்ளி அவற்றைத் தாண்டினால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, தேடு என்று பொருள்.

புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் 1947-48-ல் இந்தியா வந்தார். அவர் வழியில் வந்த டெமிங், 1950-ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு இந்த முறையைக் கற்பித்தார். அவர் பெயரில் ஜப்பான் தரும் பரிசை 1998-ல், இந்தியாவிலேயே முதலாவதாக, சென்னை பாடியில் இயங்கிவந்த சுந்தரம் கிளேட்டன் பெற்றது. பாடிக்கு வந்த பழக்கம் ஒரகடத்தின் கடைசி சிறு யூனிட் வரை வர வேண்டும்.

மாத ரிவ்யூ கூட்டத்தில் திரையில் ஓடும் சார்ட், நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். ரிஜெக்ட் ஆன இரும்பை அதனால் மீட்க முடியாது. அளவெடுக்கும் ஆபரேட்டரே புள்ளியை வைத்து, கோடு ஏறுவதைப் பார்த்து, இன்செர்ட்டை மாற்றும் உரிமையும் அவருக்கே இருந்தால் பொருளும் மிஞ்சும், இரவு ஷிஃப்ட்டில் திட்டு வாங்குவதும் குறையும். ஐ.டி.ஐ. பயிற்சியில் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுத்தரும் அதே வாரத்தில் இதையும் கற்றுத்தாருங்கள். அளவெடுக்கத் தெரிந்த கைக்கு அந்த அளவைப் படிக்கவும் தெரிந்திருப்பது நியாயம்.